லைப்சிக் விவாதம், 1519: மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் போன வழக்கு

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் மறைநூல், மரபு, திருச்சபை அதிகாரம் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். "இது வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு" என்பார் ஒருவர். "அந்த வேதத்தில் எந்தெந்த நூல்கள் சேரும் என்று உனக்குச் சொன்னது யார்?" என்பார் மற்றவர். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். இவை முதன்முதலில் நேருக்கு நேர், சாட்சிகள் முன்னிலையில், எழுத்தர்கள் பதிவு செய்ய, மோதிக்கொண்டது 1519 கோடையில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில்.

மார்ட்டின் லூதரின் கதையில் எல்லோருக்கும் தெரிந்தவை இரண்டு கட்டங்கள்: 1517இன் 95 கருத்துரைகள், 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் அவர் நின்றது. உண்மையான திருப்பம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் கட்சி. 95 கருத்துரைகளில் "வேதம் மட்டுமே" என்ற கோட்பாடே கிடையாது. பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தின் முறைகேடுகளும் பாப்பரசரின் மன்னிப்பு அதிகாரம் எதுவரை செல்லும் என்பதும்தான் அங்கே பேச்சு. "வேதம் மட்டுமே" என்ற நிலைக்கு லூதர் திட்டம் போட்டு வந்து சேரவில்லை. ஒவ்வொரு மேல்முறையீட்டு வாசலும் அடைபட அடைபட அங்கே தள்ளப்பட்டார். கடைசி வாசல் அடைபட்ட இடம் லைப்சிக்.

முதலில் பின்னணி. 1518இல் உரோமையிலிருந்து லூதருக்கு மறுப்பு எழுதியவர் பாப்பரசரின் அரண்மனை இறையியலாளரான சில்வெஸ்டர் பிரியேரியாஸ். உரோமைத் திருச்சபையும் பாப்பரசரும்தான் தவறாத விசுவாச அளவுகோல், மறைநூலே தன் வலிமையை அங்கிருந்துதான் பெறுகிறது, இதை ஏற்காதவன் பதிதன் (திருச்சபை கண்டித்த கொள்கையைப் பிடித்தவன்) என்று ஒரே மூச்சில் எழுதினார் அவர். இது திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை அல்ல. அன்றைய கத்தோலிக்க இறையியலாளர் பலரே இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள். ஆனால் லூதர் உரோமையின் குரலாகக் கேட்டது இதைத்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஆக்ஸ்பர்க் நகரில் கர்தினால் கயெத்தான் பாப்பரசர் ஆறாம் கிளமெண்டு பாவமன்னிப்புச் சீட்டு பற்றி 1343இல் போட்ட ஆணையைக் காட்டி, சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னார். லூதர் மறுத்தார். நவம்பர் 28 அன்று, பாப்பரசரின் தீர்ப்புக்கு எதிராகப் பொதுச்சங்கத்துக்கு, அதாவது திருச்சபை முழுவதன் ஆயர்கள் கூடும் அவைக்கு, முறையாக மேல்முறையீடு செய்தார்.

இந்த மேல்முறையீட்டைக் கவனிக்க வேண்டும். பாப்பரசரை விடப் பொதுச்சங்கம் பெரியது என்பது அந்தக் காலத்தில் லூதர் கண்டுபிடித்த புதுமை இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே நேரத்தில் மூன்று பேர் "நான்தான் பாப்பரசர்" என்று நின்றபோது, அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் (1414-1418). விசுவாசம் தொடர்பான காரியங்களில் பாப்பரசரும் சங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அது 1415 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. பாரிஸ் பல்கலைக்கழகம் இந்தக் கொள்கையின் கோட்டை. பிரெஞ்சு அரசருக்கும் பாப்பரசருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்து 1518இல் அவர்களே பொதுச்சங்கத்துக்கு மேல்முறையீடு செய்திருந்தார்கள். ஆக 1518 கடைசியில் லூதர் இருந்த நிலை, கீழ்க்கோர்ட்டில் தோற்றவர் மேல்கோர்ட்டில் நம்பிக்கை வைத்திருப்பது போன்ற நிலை. இன்னும் அவர் அமைப்புக்குள்தான் இருந்தார்.

எதிர்த்தரப்பில் யோகான் எக். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகப் பேராசிரியர், மலைக்க வைக்கும் நினைவாற்றல், கணீர்க் குரல், விவாத மேடை என்றால் உயிர். முதலில் இவர் மோத இருந்தது லூதரோடு அல்ல, அவருடைய விட்டன்பர்க் சகா கார்ல்ஸ்டாட்டோடு. ஆனால் எக் வெளியிட்ட கருத்துரைகளில் ஒன்று நேராக லூதரைத்தான் குறிவைத்தது. நான்காம் நூற்றாண்டில் பாப்பரசர் சில்வெஸ்டர் காலத்துக்கு முன்பு உரோமைத் திருச்சபை மற்றவற்றுக்கு மேலாக இருக்கவில்லை என்று சொல்வதை நாங்கள் மறுக்கிறோம் என்றார் எக். லூதர் பதிலடி கொடுத்தார்: உரோமையின் மேலாண்மைக்கு ஆதாரம் கடந்த 400 ஆண்டுகளில் பாப்பரசர்கள் போட்ட ஆணைகள்தான், அதற்கு எதிராக 1100 ஆண்டு வரலாறும் மறைநூல் வாசகமும் 325ஆம் ஆண்டு நைசியா பொதுச்சங்கத்தின் தீர்மானமும் நிற்கின்றன. கவனியுங்கள், இங்கே அவர் வரிசைப்படுத்தும் சாட்சிகளில் வரலாறு இருக்கிறது, மறைநூல் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது. மரபை அவர் இன்னும் தூக்கி எறியவில்லை. உங்கள் மரபைவிட என் மரபு பழையது என்கிறார்.

விவாதம் நடக்கக் கூடாது என்று லைப்சிக் இறையியல் துறையும் மெர்செபர்க் ஆயரும் தடுத்துப் பார்த்தார்கள். லைப்சிக் அடங்கிய சாக்சனிப் பகுதியை ஆண்ட ஜார்ஜ் கோமகன் விடவில்லை. விவாதிக்கப் பயப்படும் இறையியலாளர்களுக்குச் செலவழிப்பதைவிடப் பின்னல் வேலை தெரிந்த கிழவிகளை வைத்துச் சோறு போடலாம் என்பது அவர் எண்ணம். அவரும் தீவிரக் கத்தோலிக்கர்தான், ஆனால் திருச்சபையில் களை எடுக்க வேண்டியிருக்கிறது என்று நம்பியவர். கடைசிவரை லூதரை எதிர்த்தவரும் அவரே.

ஜூன் 24 அன்று விட்டன்பர்க் குழு வந்து சேர்ந்த காட்சி கொஞ்சம் வேடிக்கை. முதல் வண்டியில் கார்ல்ஸ்டாட், கூடவே மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள். அடுத்த வண்டியில் லூதரும் 22 வயது கிரேக்கப் பேராசிரியர் மெலாங்க்தனும். இரு பக்கமும் ஆயுதம் ஏந்திய மாணவர்கள் ஏறக்குறைய 200 பேர். புனித பவுல் கோயிலுக்கு அருகே வந்ததும் முதல் வண்டியின் சக்கரம் கழன்று கார்ல்ஸ்டாட் சேற்றில் விழுந்தார். லூதர் வண்டி அவரைத் தாண்டிப் போய்விட்டது. ஊர் சகுனம் பார்க்காமல் இருக்குமா?

ஜூன் 27 காலை புனித தோமா கோயிலில் பன்னிரண்டு குரல் பாடற்பூசையோடு நாள் தொடங்கியது. அப்புறம் பிளைசன்பர்க் கோட்டை மண்டபத்தில் மொசெல்லானுஸ் என்ற கிரேக்கப் பேராசிரியரின் நீண்ட வரவேற்புரை. அவர் பின்னர் எழுதிய கடிதத்தில்தான் இருவரின் தோற்றமும் நமக்குக் கிடைக்கிறது. லூதர் நடுத்தர உயரம், எலும்பை எண்ணிவிடலாம் போன்ற மெலிவு, தெளிவான குரல், கையில் ஒரு பூங்கொத்து. எக் வாட்டசாட்டமான ஆள், பார்த்தால் இறையியலாளர் என்று சொல்ல முடியாத உருவம், மண்டபம் அதிரும் குரல்.

முதல் வாரம் கார்ல்ஸ்டாட்டும் எக்கும் அருளும் மனிதச் சுதந்திரமும் பற்றி வாதிட்டார்கள். கார்ல்ஸ்டாட் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி மேற்கோள் வாசிக்க, நினைவிலிருந்து பேச வேண்டும் என்று எக் ஆட்சேபித்து வென்றார். அதற்குப் பிறகு கார்ல்ஸ்டாட்டின் கை தாழ்ந்துவிட்டது. எக் பக்கம் உட்கார்ந்திருந்த உள்ளூர் இறையியலாளர்களைச் சாப்பாட்டு நேரத்தில் எழுப்ப வேண்டியிருந்தது என்று அப்போது அங்கிருந்த ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஜூலை 4 அன்று லூதர் மேடை ஏறினார். தலைப்பு பாப்பரசரின் தலைமை. மத்தேயு 16ஆம் அதிகாரத்தில் பேதுருவிடம் இயேசு சொன்ன "இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்" என்ற வசனம் எக்குக்கு அடித்தளம். அந்தப் பாறை கிறிஸ்துவே என்றார் லூதர். இருவரும் புனித அகுஸ்தீனைச் சாட்சிக்கு அழைத்தார்கள், இருவருக்கும் அவர் சாட்சி சொன்னார்! ஏனென்றால் அகுஸ்தீன் முதலில் பாறை பேதுரு என்றும், பிறகு அது பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்து என்றும் விளக்கியவர். முதுமையில் தன் நூல்களைத் திருத்திப் பார்த்தபோது, இரண்டில் எது சரி என்று வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். திருச்சபைத் தந்தையர் (அகுஸ்தீன் போன்ற ஆதி நூற்றாண்டு ஆசிரியர்கள்) என்ன சொன்னார்கள் என்று பார்த்தால் தகராறு தீர்ந்துவிடும் என்பவர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பாப்பரசர் அனாகிலேத்துஸ் பெயரில் இருந்த ஒரு பழங்காலக் கடிதத்தை எக் எடுத்து நீட்டினார். முதல் நூற்றாண்டு மறைசாட்சி இப்படி எழுதியிருப்பார் என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது என்றார் லூதர். அவர் சந்தேகம் சரி. அந்தத் தொகுப்பு ஒன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட போலி; இன்று கத்தோலிக்க அறிஞர்களும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். எக் பொய் சொல்லவில்லை. அவர் காலத்துச் சட்டநூல்களில் அது உண்மை ஆவணமாகவே இருந்தது. மரபு என்று கையில் வந்து சேர்வதெல்லாம் மரபுதானா என்று பரிசோதிக்க வேண்டிய தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கிழக்குத் திருச்சபையையும் லூதர் துணைக்கு அழைத்தார். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் உரோமையின் கீழ் இருந்ததில்லை. பசிலியார், நாசியான்சு கிரகோரியார் போன்ற புனிதர்கள் எல்லாம் நரகத்துக்கா போனார்கள்? வலுவான வாதம் இது. கிரேக்கர்கள் பிரிந்து போனதால்தான் விசுவாசத்தையும் பேரரசையும் இழந்தார்கள் என்ற எக்கின் பதில் அதற்கு ஈடாகவில்லை.

எக்கின் தாக்குதல் ஜூலை 5 அன்று வந்தது. உரோமையின் மேலாண்மையை ஏற்பது மீட்புக்கு அவசியமில்லை என்கிறீர்களே, இது இங்கிலாந்தின் விக்லிபும் போஹேமியாவின் (இன்றைய செக் நாடு) யான் ஹுஸும் சொன்னது, கான்ஸ்டன்ஸ் சங்கம் கண்டித்தது. நீங்கள் போஹேமியர்களின் ஆளா? லைப்சிக்கில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. பிராகா பல்கலைக்கழகத்தில் செக்கர்கள் கை ஓங்கியதால் வெளியேறிய ஜெர்மன் ஆசிரியர்களும் மாணவர்களும் 1409இல் தொடங்கியதுதான் லைப்சிக் பல்கலைக்கழகம். ஹுஸ் 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்ட பிறகு போஹேமியப் போர்கள் சாக்சனி வரைக்கும் பரவியிருந்தன. ஜார்ஜ் கோமகனின் தாய்வழித் தாத்தாவே ஹுஸ் பக்கத்தைச் சேர்ந்த போஹேமிய அரசர், பாப்பரசரால் சபை நீக்கம் செய்யப்பட்டவர். அந்தப் பெயர் அந்த வீட்டில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யூகிக்கலாம்.

லூதர் முதலில் வேகமாக மறுத்தார். பிளவை நான் ஆதரிக்கவில்லை என்றார். மதிய இடைவேளை வந்தது. அவர் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்க் கான்ஸ்டன்ஸ் சங்கத்தின் பதிவுகளைப் பார்த்தார் என்று சொல்வார்கள். திரும்பி வந்து அவர் சொன்னது பதிவில் இருக்கிறது: ஹுஸின் கண்டிக்கப்பட்ட கருத்துகளில் பல முழுக்க முழுக்கக் கிறிஸ்தவமானவை, நற்செய்திக்கு ஒத்தவை, பொதுத் திருச்சபை அவற்றைக் கண்டிக்க முடியாது. முன்வரிசையில் இருந்த ஜார்ஜ் கோமகன் இடுப்பில் கை வைத்துத் தலையை ஆட்டி, கொள்ளைநோய்ச் சாபம் ஒன்றை மண்டபமே கேட்கச் சொன்னார்.

எக் விடவில்லை. முறையாகக் கூடிய பொதுச்சங்கம் தவறலாம் என்று நம்புகிறீர்களா? லூதர் கொஞ்சம் சுற்றி வளைத்தார், வார்த்தைகளைத் தளர்த்தினார், ஆனால் பின்வாங்கவில்லை. பாலெர்மோ பேராயராக இருந்த சட்ட அறிஞர் பானோர்மித்தானுஸ் சொன்னதை எடுத்துக் காட்டினார்: மறைநூல் ஆதாரத்தோடு பேசும் சாதாரணப் பொதுநிலையினரை, ஆதாரமில்லாமல் பேசும் பாப்பரசரையோ சங்கத்தையோ விட அதிகம் நம்ப வேண்டும். இதிலும் பாருங்கள், மறைநூலின் மேலாண்மைக்கு லூதர் கொண்டுவந்த சாட்சி ஒரு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்ட வல்லுநர். அப்படி நம்பினால் நீர் எனக்குப் புறவினத்தாரைப் போலவும் வரிதண்டுபவரைப் போலவும் ஆவீர் என்று மத்தேயு நற்செய்தியின் வார்த்தையாலேயே எக் முத்திரை குத்தினார்.

பொதுச்சங்கமும் தவறலாம் என்ற அந்த ஒப்புதலோடு லூதரின் 1518 மேல்முறையீடு பொருளிழந்தது. பாப்பரசர் தவறலாம் என்றால் மேலே சங்கம் இருந்தது; சங்கமும் தவறலாம் என்றால் மேலே மனிதர்கள் உட்காரும் அவை எதுவும் மிச்சமில்லை. எக் இதை உடனே புரிந்துகொண்டார், லூதருக்கு முன்பே என்று சொன்னாலும் தப்பில்லை. விவாதக் கலையாக மட்டும் பார்த்தால் வென்றவர் எக்.

ஆனால் எக்கின் ஆயுதத்துக்கும் இரண்டு பக்கமும் கூர். பாப்பரசரின் தலைமையைக் காக்க அவர் தூக்கிப் பிடித்தது எந்தச் சங்கத்தை? பாப்பரசரும் எனக்குக் கீழ்தான் என்று தீர்மானம் போட்ட அதே கான்ஸ்டன்ஸை. ஹுஸைக் கண்டித்த தீர்ப்பில் அது தவறாதது என்றால், தன்னைப் பற்றிப் போட்ட தீர்மானத்தில்? லூதர் இந்தப் பிடியை முழுதாக இறுக்கவில்லை. மரபின் அதிகாரம் என்று சொன்னவுடன், மரபின் எந்தப் பகுதி, அதைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி கூடவே வருகிறது. அதற்கு உரோமை தெளிவான பதில் சொன்னது 1870 ஜூலையில், முதலாம் வத்திக்கான் சங்கத்தில். பாப்பரசர் அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது அவர் தவறுவதில்லை என்ற பதில் அது. லைப்சிக்குக்கு 351 ஆண்டுகள் கழித்து.

இரண்டாவது முக்கியமான மோதல், இறந்தோரின் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி. இதைக் குறைவாகவே பேசுகிறார்கள், ஆனால் நம் பொருளுக்கு இது ஹுஸ் விவகாரத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. இறந்தோருக்காக யூதா மக்கபே பலி ஒப்புக்கொடுக்கச் செய்த பகுதியை, 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை, எக் ஆதாரமாகக் காட்டினார். உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று நானும் நம்புகிறேன் என்றார் லூதர் (அப்போது அவர் நம்பினார்). ஆனால் மக்கபேயர் நூல் எபிரேயத் திருமுறையில், அதாவது யூதர்கள் ஏற்ற மறைநூல்களின் பட்டியலில் இல்லை, மறைநூலை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுவும் அதைத் திருமுறைக்குள் சேர்க்கவில்லை. விசுவாசிகளிடம் வைத்துப் பேசலாமே தவிர, எதிராளியைக் கட்டுப்படுத்தும் சான்றாகாது. திருச்சபை அதை ஏற்றிருக்கிறதே என்றார் எக், அகுஸ்தீனைக் காட்டி. ஒரு நூலுக்குத் தன்னிடத்தில் இருப்பதற்கு மேலான அதிகாரத்தைத் திருச்சபையால் கொடுக்க முடியாது என்பது லூதரின் பதில்.

லூதர் பக்கத்தின் மிக வலுவான வாக்கியமும் மிகப் பலவீனமான இடமும் இதுதான். நூலின் அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது, திருச்சபை அதை அடையாளம் காண்கிறதே தவிர உண்டாக்கவில்லை என்பதைக் கத்தோலிக்கரும் ஏற்பார்கள்; முதலாம் வத்திக்கான் சங்கமே ஏறக்குறைய இதைச் சொல்கிறது. ஆனால் அடையாளம் காண்பதில் இரண்டு பேர் வேறுபட்டால்? மறைநூலின் உள்ளடக்கப் பட்டியல் மறைநூலுக்குள் இல்லை. எபிரேயத் திருமுறையும் எரோணிமுவும் லூதருக்குச் சாட்சி என்றால், அவையும் ஒருவகை மரபுச் சாட்சிகள்தானே?

மூன்றாவது தலைப்பான பாவமன்னிப்புச் சீட்டைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. எல்லாச் சண்டைக்கும் காரணமான அந்த விஷயத்தில் இருவரும் கிட்டத்தட்ட ஒத்துப்போனார்கள்.

பேரரசராக ஐந்தாம் கார்ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு ஊர் திரும்பும் பிராண்டன்பர்க் தேர்வாளருக்கு (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் சிற்றரசர்களில் ஒருவர்) விருந்து வைக்கக் கோமகனுக்குக் கோட்டை தேவைப்பட்டது. ஜூலை நடுவில் விவாதம் முடித்துவைக்கப்பட்டது. தீர்ப்புக்குப் பதிவுகள் பாரிஸ், எர்பர்ட் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. எர்பர்ட் கைவிரித்தது. பொதுச்சங்கக் கொள்கையின் கோட்டையான பாரிஸ் 1521 ஏப்ரலில் லூதரின் நூல்களிலிருந்து 104 கருத்துகளைக் கண்டித்தது. லைப்சிக்கில் வென்றது யார் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. எக் உரோமைக்குப் போய் ஆணை தயாரிப்பில் உதவினார். 1520 ஜூனில் லூதரின் 41 கருத்துகளைக் கண்டிக்கும் ஆணை வந்தது. லூதரோ ஹுஸின் நூலை வாசித்துவிட்டு, தெரியாமலேயே நாம் எல்லோரும் ஹுஸ்காரர்களாகத்தான் இருந்திருக்கிறோம் என்று 1520 தொடக்கத்தில் நண்பருக்கு எழுதினார்.

கோட்பாட்டைச் சுருக்கமாக வடித்தவர் லூதர் அல்ல. விவாதத்தின்போது துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து எக்கிடம் "உன் படிப்பைப் பார், பிலிப்பு" என்று திட்டு வாங்கிய மெலாங்க்தன்தான். 1519 செப்டம்பரில் தன் பட்டத்துக்காக வைத்த கருத்துரைகளில், மறைநூல் சான்று பகராத விசுவாசக் கூறுகளை நம்ப வேண்டிய கட்டாயம் கத்தோலிக்கருக்கு இல்லை, சங்கங்களின் அதிகாரம் மறைநூலுக்குக் கீழ்ப்பட்டது என்று எழுதினார். "கத்தோலிக்கர்" என்ற சொல்லைத்தான் அவர் அங்கே போட்டிருக்கிறார். புதுச் சபை தொடங்கும் நினைப்பு இன்னும் இல்லை.

எக்கின் பயம் வீண் இல்லை என்று காட்டப் பத்தாண்டுகள் போதுமாயிற்று. 1529 அக்டோபரில் மார்பர்க் நகரில் லூதரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்லியும் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் மறைநூலே இறுதி அதிகாரம், இருவரும் கிரேக்கம் அறிந்தவர்கள். 15 கூறுகளில் 14இல் ஒத்துப்போய், அப்பத்தைக் காட்டி இயேசு சொன்ன "இது என் உடல்" என்பதன் பொருளில் பிரிந்தார்கள். தீர்த்துவைக்க நடுவர் யாரும் இல்லை. புராட்டஸ்டண்டு சபைகள் இந்தக் குறையை உணர்ந்தே 1530இல் ஆக்ஸ்பர்க் அறிக்கை முதலாக விசுவாச அறிக்கைகளை எழுதிக்கொண்டன. சர்ச்சைகளில் தீர்மானிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மறைநூலுக்கு மாறாக எதையும் விதிக்க முடியாது என்று ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகள் சொல்கின்றன. ஆக, அவர்களிடம் மரபே இல்லை என்பது கேலியாகப் பேசலாம், விவரமாகாது. மரபு உண்டு, திருத்தத்துக்கு உட்பட்டது என்பதுதான் அவர்கள் நிலை.

கத்தோலிக்கப் பக்கத்திலும் ஒரே குரல் இல்லை. 1546 ஏப்ரல் 8 அன்று திரெந்து சங்கம் மறைநூலையும் திருத்தூதர்களிடமிருந்து வந்த மரபுகளையும் ஒரே பக்தியோடும் வணக்கத்தோடும் ஏற்பதாகத் தீர்மானித்து, மக்கபேயர் உட்பட நூல்களின் பட்டியலையும் வெளியிட்டது. வரைவில், வெளிப்படுத்தப்பட்ட உண்மை பாதி எழுத்திலும் பாதி எழுதாத மரபிலும் இருக்கிறது என்ற தொனி இருந்தது. சிலர் எதிர்த்தார்கள். மறைநூலையும் மரபையும் சமமாக வைப்பதே இறைப்பற்றுக்கு எதிரானது என்று கியோஜா ஆயர் நாக்கியாந்தி சங்கத்திலேயே எழுந்து சொன்னார். கடைசி வாசகத்தில் அந்தப் "பாதி பாதி" போய், எழுத்திலும் மரபிலும் என்ற வெறும் "உம்" நின்றது. அந்த மாற்றத்தின் பொருள் என்ன என்று 20ஆம் நூற்றாண்டிலும் கத்தோலிக்க இறையியலாளர்கள் சண்டை போட்டார்கள்.

1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை 2344 வாக்குகளுக்கு எதிராக வெறும் 6 என்ற கணக்கில் நிறைவேற்றியது. மறைநூலும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன, திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்கிறது அது. பிரியேரியாஸ் எழுதியதோடு இதை ஒப்பிட்டால் தூரம் தெரியும். எனக்கு அதில் ஒரு குறை படுகிறது: மரபு என்ற பெயரில் வந்து சேர்ந்த தவறான பழக்கங்களைப் பிரித்தறிய மறைநூலை எப்படி அளவுகோலாக்குவது என்பதை அந்த ஏடு விரித்துப் பேசவில்லை. சங்கத்துக்குள்ளேயே சிகாகோ கர்தினால் மெயர் இந்தக் குறையை எழுப்பியிருந்தார்.

அந்த ஏடு பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்து மறைநூலை மொழிபெயர்க்கவும் இடம் கொடுத்தது. தமிழில் அதன் பலன் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து செய்த அதில் மக்கபேயர் இருக்கிறது, ஆனால் "இணைத் திருமுறை" என்ற தனிப் பகுதியில். சி.எஸ்.ஐ., லுத்தரன் கோயில்களில் பெரும்பாலும் வாசிக்கப்படும் 66 நூல் வேதாகமத்தில் அது இல்லை. கத்தோலிக்கப் பூசையில் இறந்தோருக்கான வழிபாட்டு வாசகங்களில், எக் எடுத்துக்காட்டிய அதே 12ஆம் அதிகாரம் இடம்பெறுகிறது.